முதுகெலும்பில் நாலு கிரப் ஸ்க்ரூ

(மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் துறை)



நம்மில் எவனாவது கொஞ்சம் ஏறுக்குமாறாகப் பேசினால் போதும், "மச்சி, இவனுக்கு மரை கழண்டுடுச்சுடா" என்று பட்டம் கட்டிவிடுகிறோம். ஹாஸ்டலில் இந்தப் பட்டம் வாங்காத ஆள் உண்டா? டிப்ளமோ கிடைக்கிறதோ இல்லையோ, இந்தப் பட்டம் நிச்சயம். (அரியர் வைத்திருப்பவர்கள் மன்னிக்கவும்!) ஆனால் மரை கழல்வது என்றால் உண்மையில் என்ன, அது கழலாமல் இருக்க எத்தனை கணக்கு தேவைப்படுகிறது என்பதெல்லாம் எனக்குத் தெரிய வந்தது எங்கள் மாமாவின் முதுகில் ஏறிய நாலு ஸ்க்ரூவால்தான்.

மலருக்குக் கவிதை கேட்டார்கள். எனக்குக் கவிதை வராது. சிவில் நண்பர்கள் எழுதிய காதல் கவிதைகள் முன்னும் பின்னும் இருக்கும், அவற்றைப் படித்து மகிழுங்கள். நான் ஒரு சின்ன சாமானைப் பற்றிச் சொல்கிறேன். புத்தகத்தில் அதன் பெயர் செட் ஸ்க்ரூ. கடையில் போய் 'கிரப் ஸ்க்ரூ' என்று கேட்டால்தான் எடுத்துக் கொடுப்பார்கள்.

நம் ஒர்க்‌ஷாப்பில் எத்தனை முறை பார்த்திருக்கிறோம்! தலையில்லாத ஸ்க்ரூ. ஒரு பக்கம் ஆலன் கீ போட அறுகோணக் குழி, மறுபக்கம் கூம்பாகவோ, தட்டையாகவோ, கிண்ணம் மாதிரி குழிந்தோ ஒரு முனை. ஷாஃப்ட்டில் புல்லியை மாட்டி, புல்லியின் கழுத்தில் இருக்கும் துளை வழியாக இதை முடுக்கினால், முனை போய் ஷாஃப்ட்டில் முட்டிக்கொண்டு நிற்கும். புல்லி நகராது. இங்கேதான் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். போல்ட் இரண்டு பொருளை இழுத்துப் பிடிக்கிறது. செட் ஸ்க்ரூ இழுப்பதில்லை, முட்டுக் கொடுக்கிறது. அதன் பிடிப்பு முழுக்க அந்த முட்டில்தான் இருக்கிறது. முட்டு தளர்ந்தால் அது அங்கே இருந்தும் இல்லாத மாதிரிதான்.

இன்பிளான்ட் டிரெயினிங்குக்கு நான் போனது ஒரு ரைஸ் மில்லுக்கு. கள்ளக்குறிச்சி பக்கம் ரைஸ் மில்லுக்கா பஞ்சம்! அங்கே பக்கெட் எலிவேட்டரின் மேல் புல்லி இரண்டு நாளைக்கு ஒரு தரம் வழுக்கும். மோட்டார் ஓடும், ஷாஃப்ட் ஓடும், நெல் மட்டும் மேலே ஏறாது. ஓர் ஆள் வந்து ஆலன் கீயின் நுனியில் இரண்டடி பைப்பைச் சொருகி, மூச்சைப் பிடித்து ஒரு திருகு திருகுவார். இரண்டு நாள் ஓடும். நாலாவது தடவையில் அறுகோணக் குழி வட்டக் குழி ஆகிவிட்டது. கீ போட்டால் சும்மா சுற்றுகிறது. பிறகு வயதான மிஸ்திரி ஒருவரைக் கூட்டி வந்தார்கள். அவர் புல்லியைக் கழற்றி ஷாஃப்ட்டைக் காட்டினார். கிரப் ஸ்க்ரூ முனை வழுக்கி வழுக்கி ஷாஃப்ட்டைச் சுற்றி வளையல் மாதிரி கீறி வைத்திருந்தது. "பலத்தப் பாத்தீங்க, ஒக்கார எடம் குடுத்தீங்களா?" என்றார். அரம் எடுத்து ஷாஃப்ட்டில் ஒரு சப்பை போட்டார். புது கிரப் ஸ்க்ரூவைச் சப்பையில் நேராக உட்கார வைத்தார். அதன் தலைமேல் இன்னொரு கிரப் ஸ்க்ரூவை விட்டுப் பூட்டினார். பைப்பெல்லாம் கிடையாது, வெறும் கை. நான் டிரெயினிங் முடித்து வரும்வரை அந்தப் புல்லி வழுக்கவில்லை.

இந்தச் சின்ன சாமானுக்குச் சட்டத்திலேயே இடம் இருந்தது தெரியுமா? 1948-ஆம் வருடத்துத் தொழிற்சாலைச் சட்டம், 26-ஆவது பிரிவு. சுழலுகிற ஷாஃப்ட், ஸ்பிண்டில், சக்கரம், பினியன் எதில் இருந்தாலும் சரி, செட் ஸ்க்ரூ வெளியே துருத்திக்கொண்டு இருக்கக் கூடாது, உள்ளே புதைந்திருக்க வேண்டும் அல்லது மூடி போட வேண்டும் என்றது அந்தப் பிரிவு. காரணம் என்ன? அந்தக் காலத்துச் செட் ஸ்க்ரூவுக்குச் சதுரத் தலை இருந்தது. பெல்ட்டில் ஓடுகிற ஷாஃப்ட்டில் அந்தத் தலை துருத்திக்கொண்டு சுற்றும். பக்கத்தில் போகிறவன் சட்டை, வேட்டி, துண்டு எது பட்டாலும் சுருட்டி இழுத்துவிடும். கையோடு போனவர்கள் உண்டு, உயிரோடு போனவர்களும் உண்டு. தலையே இல்லாமல் உள்ளே குழி வைத்த ஸ்க்ரூவைச் சுலபமாகச் செய்யும் முறைக்கு 1910-இல் காப்புரிமை வாங்கியவர் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டு நகரத்து வில்லியம் ஆலன். நாம் தினமும் தொலைத்துவிட்டுத் தேடுகிற ஆலன் கீ அவர் பெயர்தான்! மனிதன் உடம்பைக் காப்பாற்றுவதற்காகத் தலையை இழந்த இந்த ஸ்க்ரூ, பிற்பாடு மனிதன் உடம்புக்குள்ளேயே போய் உட்கார்ந்ததுதான் வேடிக்கை.

இப்போது மாமா கதைக்கு வருகிறேன்.

எங்கள் ஊர் கருணாபுரம். கள்ளக்குறிச்சி டவுனுக்குள்ளேயே இருக்கிற பகுதி. மூட்டை தூக்குகிறவர்கள், சித்தாள், கொத்தனார் என்று அன்றாடம் கைவேலை செய்து பிழைக்கிறவர்கள் அதிகம். மாமாவும் லோடுமேன்தான். ஐம்பது கிலோ மூட்டையைத் தலையில் வாங்கி, பலகை மேல் ஓடி லாரியில் அடுக்குவார். மாசி, பங்குனியில் லோடு குறைந்தால் கல்வராயன் மலை அடிவாரத்துப் பக்கம் புளி உலுக்கப் போவார். மரத்தைக் குத்தகைக்கு எடுத்தவர்கள் ஏறத் தெரிந்த ஆளைக் கூப்பிடுவார்கள். 2023 மாசியில் அப்படிப் போனவர், காய்ந்த கிளை ஒன்றை நம்பி காலை வைத்தார். இரண்டு ஆள் உயரத்துக்கு மேலிருந்து உட்கார்ந்த வாக்கில் விழுந்தார்.

அங்கே இருந்தவர்களில் ஒரு பெரியவருக்கு விவரம் தெரிந்திருந்தது. கைத்தாங்கலாகத் தூக்கி உட்கார வைக்கப் போனவர்களை அவர் தடுத்துவிட்டார். களத்துக் கொட்டகையின் கதவைக் கழற்றிக் கொண்டு வரச் சொல்லி, நாலு பேர் ஒரே நேரத்தில் புரட்டி, மரக்கட்டையை உருட்டுகிற மாதிரி உருட்டி அதில் கிடத்தினார்கள். 108 வரும்வரை அசைக்கவில்லை. முதுகெலும்பு முறிந்த ஆளை வளைத்துத் தூக்கினால், முறிந்த சில்லு உள்ளே இருக்கும் நரம்புத் தண்டில் குத்திவிடும், நடந்து போயிருக்க வேண்டியவர் கடைசிவரை படுக்கையாகிவிடுவார். நண்பர்களே, இந்த ஒன்றையாவது தயவுசெய்து ஞாபகத்தில் வையுங்கள். பைக் விபத்து பார்க்காத நாள் நமக்கு உண்டா?

பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். இடுப்புப் பகுதியின் முதல் முள்ளெலும்பு, 'எல்1' என்பார்கள், நசுங்கியிருந்தது. மேலிருந்து விழுகிறவர்களுக்கு அடிக்கடி உடைகிற இடம் இதுதானாம். ஏன் என்று கேட்டேன். டாக்டர் சொன்ன காரணம் நம் ஸ்ட்ரென்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் பாடம்! விலா எலும்புக் கூடு இருப்பதால் மேல் முதுகு விறைப்பு. கீழ் இடுப்பு வளைந்து கொடுக்கும். விறைப்பும் வளைவும் சந்திக்கிற இடத்தில் ஸ்ட்ரெஸ் சேருகிறது. ஸ்டெப் டர்னிங் செய்த ஷாஃப்ட் படியில் உடைவது மாதிரி.

முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் ஆபரேஷன் நடந்தது. அது முடிந்த மறுநாள் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். உடைந்த எலும்புக்கு மேல் எலும்பில் இரண்டு ஸ்க்ரூ, கீழ் எலும்பில் இரண்டு ஸ்க்ரூ. இரண்டு பக்கமும் மேலிருந்து கீழாக ஒவ்வொரு ராடு. ராடு ஸ்க்ரூவின் தலைக்குள் போகிற இடத்தில் குட்டையாக ஒரு மரை. எனக்கு அதைப் பார்த்த உடனே தெரிந்துவிட்டது. "சார், இது கிரப் ஸ்க்ரூதானே?" என்றேன். டாக்டர் நிமிர்ந்து பார்த்து, "தம்பி என்ன படிக்கிறீங்க?" என்றார். டிப்ளமோ மெக்கானிக்கல் என்றேன். அவருக்கு மனசு வந்து, மேஜையில் இருந்த பிளாஸ்டிக் முதுகெலும்பு மாடலை என் கையில் கொடுத்தார். அன்றைக்கு அந்த அரைமணி நேரத்தில் கற்றது ஒரு செமஸ்டருக்குச் சமம்.

ஒவ்வொரு முள்ளெலும்புக்கும் பின்பக்கம் இடமும் வலமும் எலும்பால் ஆன குட்டைத் தூண் ஒன்று உண்டு. பெடிகிள் என்று பெயர். அதன் வழியாகத்தான் பெரிய ஸ்க்ரூ உள்ளே போகிறது. ஒரு மில்லிமீட்டர், இரண்டு மில்லிமீட்டர் உள்பக்கம் தவறினால் நரம்புத் தண்டு. அந்த ஸ்க்ரூவின் தலை யூ வடிவத்தில் கிண்ணம் மாதிரி திறந்திருக்கிறது. டுலிப் பூ மாதிரி இருப்பதால் டுலிப் என்கிறார்கள். (எனக்குச் சங்குப்பூ மாதிரி தெரிந்தது.) யூவின் நடுவில் ஐந்தரை மில்லிமீட்டர் ராடு படுக்கிறது. யூவின் இரண்டு கைகளிலும் உள்பக்கம் மரை வெட்டியிருக்கிறார்கள். அதில் நம் செட் ஸ்க்ரூ இறங்கி ராடை அழுத்துகிறது. அவ்வளவுதான். நாலு இடத்தில் நாலு செட் ஸ்க்ரூ முட்டுக் கொடுத்துக்கொண்டிருப்பதால் எங்கள் மாமா உட்காருகிறார், எழுந்திருக்கிறார். அதில் ஒன்று தளர்ந்தால் ராடு வழுக்கும். ராடு வழுக்கினால் நிமிர்த்தி வைத்த எலும்பு மறுபடி நசுங்கிக் கூன் விழும்.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. நம் சாதாரண மெட்ரிக் மரை 60 டிகிரி 'வி' மரை. அதை முடுக்கும்போது விசை நேராக மட்டும் போவதில்லை, சரிவில் பட்டு வெளிப்பக்கமும் தள்ளும். 30 டிகிரிக்கு டேன் மதிப்பு 0.577. உராய்வைக் கழித்துவிட்டுப் பார்த்தால், 100 பங்கு அழுத்தினால் 58 பங்கு வெளியே தள்ளுகிறது. முழு நட் என்றால் தாங்கிக்கொள்ளும். இது யூ வடிவம், மேலே திறந்தது. இரண்டு கையும் விரிந்துவிடும். விரிந்தால் மரை தாண்டிவிடும். அதனால் முதுகெலும்பு செட் ஸ்க்ரூவில் சதுர மரை, பட்ரஸ் மரை, சில கம்பெனிகளில் சரிவையே தலைகீழாக வைத்துக் கைகளை உள்பக்கம் இழுக்கிற மரைகூட வெட்டுகிறார்கள். மெஷின் டிராயிங்கில் பட்ரஸ் த்ரெட்டை வரையும்போது "இது எங்கடா யூஸ் ஆகப்போகுது" என்று முணுமுணுத்தவர்களில் என் பெஞ்சும் உண்டு. ஸ்க்ரூ ஜாக், பெஞ்ச் வைஸ் என்று எழுதிவிட்டு மார்க் வாங்கினோம். இனிமேல் முதுகெலும்பு என்றும் ஒரு வரி சேர்த்து எழுதுங்கள். மார்க் போடுவார்களா என்பது திருத்துகிறவர் கையில்.

முடுக்குவதிலும் நம் ஃபிட்டிங் ஷாப் வேலைதான். முதலில் செட் ஸ்க்ரூவை வைத்து, இடப்பக்கம் கால் சுற்று பின்னோக்கித் திருப்புகிறார்கள். மரையின் ஆரம்பம் 'டக்' என்று விழுவது கைக்குத் தெரியும். பிறகுதான் வலப்பக்கம். மரை குறுக்கே ஏறாமல் இருக்க நம் சார் சொல்லிக்கொடுத்த அதே வித்தை! எல்லா ஸ்க்ரூவும் கையிறுக்கம் வந்து, ராடும் எலும்பும் சரியான நிலைக்கு வந்த பிறகு கடைசி முடுக்கு. அதற்கு டார்க் அளவு வைத்த கருவி உண்டு. கம்பெனிக்குக் கம்பெனி மாறும், பல சிஸ்டங்களில் 10 நியூட்டன் மீட்டரை ஒட்டி இருக்கும். அந்த அளவு வந்ததும் கருவி 'கிளிக்' என்று விட்டுக்கொடுத்துவிடும். இன்னொரு வகையில் செட் ஸ்க்ரூவுக்கு மேலே ஒரு கழுத்து வைத்திருப்பார்கள். சரியான டார்க் வந்ததும் கழுத்து தானே முறிந்து மேல் துண்டு கையோடு வந்துவிடும். எவ்வளவு பலசாலி டாக்டராக இருந்தாலும் அதற்கு மேல் முடுக்க முடியாது. பைப் சொருகுகிற வேலையே இல்லை!

இன்னொன்றும் சொன்னார். இப்படி முடுக்கும்போது அந்த முறுக்கு ஸ்க்ரூ வழியாக எலும்புக்குப் போய்விடக் கூடாது. அதற்காக டுலிப் தலையை வேறொரு குழாய்க் கருவியால் கவ்விப் பிடித்துக்கொண்டுதான் முடுக்குவார்கள். ஆன்டி டார்க் என்று பெயர். பிளம்பர் இரண்டு ரெஞ்சு போட்டு, ஒன்றால் பைப்பைப் பிடித்துக்கொண்டு இன்னொன்றால் ஃபிட்டிங்கைத் திருப்புவாரே, அதுதான். வீட்டுச் சுவருக்குள் இருக்கும் பைப் முறியக் கூடாது என்கிற அதே கவலை.

வீட்டுக்கு வந்து நம் டிசைன் புத்தகத்துச் சூத்திரத்தைப் போட்டுப் பார்த்தேன். டார்க் 10, விட்டம் 9 மில்லிமீட்டர், கே மதிப்பு 0.2 என்று குத்துமதிப்பாக வைத்தால், ராடை அழுத்துகிற விசை ஐந்தரை ஆயிரம் நியூட்டனுக்குக் கொஞ்சம் மேல். கிலோ கணக்கில் 560-ஐத் தாண்டுகிறது. மாமாவிடம் அவர் பாஷையில் சொன்னேன்: "ஐம்பது கிலோ மூட்ட பதினொண்ணு மாமா, ஒவ்வொரு ஸ்க்ரூவுக்கும்."

"அத்தினியுமா என் முதுவுல ஏத்தி வெச்சிருக்காங்க மாப்ள?" என்று பதறிவிட்டார்.

இல்லை, அது அந்தத் தலைக்குள்ளேயே சுற்றி முடிந்துவிடுகிற விசை, வைஸில் இறுக்கின இரும்பின் பாரம் வைஸுக்குள்ளேயே நிற்பது மாதிரி, உங்கள் எலும்புக்கு வராது என்று விளக்கினேன். அவர் முழுசாக நம்பியதாகத் தெரியவில்லை.

இத்தனை செய்தும் இந்த இரும்பு, இரும்பு என்கிறேன், உண்மையில் டைட்டானியத்தோடு 6 சதவீதம் அலுமினியமும் 4 சதவீதம் வனேடியமும் கலந்த உலோகம், நிரந்தரம் இல்லை. இதுதான் எனக்கு அதிர்ச்சியாக இருந்தது. ஆயுசுக்கும் தாங்கும் என்றுதான் வீட்டில் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தோம். டாக்டர் அப்படிச் சொல்லவில்லை. எலும்பு கூடுகிறவரை தாங்குவதுதான் அதன் வேலை. எலும்பு கூடிவிட்டால் பாரம் எலும்புக்கு மாறிவிடும். கூடவே இல்லை என்றால், எவ்வளவு நல்ல ராடும் ஒரு நாள் சோர்ந்து முறியும், அல்லது ஸ்க்ரூ தளரும். நம் பாஷையில் ஃபெட்டீக். அதிலும் செட் ஸ்க்ரூ அழுத்துகிற இடத்தில் ராடில் ஒரு சின்னத் தழும்பு விழுகிறது. டைட்டானியத்துக்குக் கீறல் ஆகாது. அந்தத் தழும்பிலிருந்தே விரிசல் ஆரம்பிக்கலாம். பிடிக்கவும் வேண்டும், கடிக்கவும் கூடாது! ரைஸ் மில் மிஸ்திரி கேட்ட கேள்விதான் இங்கேயும்.

அதனால் இவற்றைச் சோதிக்கிற முறையும் கடுமை. அமெரிக்கத் தர நிர்ணயத்தில் ஏ.எஸ்.டி.எம். எஃப்1717 என்று ஒன்று இருக்கிறது. இரண்டு பிளாஸ்டிக் கட்டைகளை முள்ளெலும்பு மாதிரி வைத்து, நடுவில் ஓர் எலும்பே இல்லாதது போல இடைவெளி விட்டு, ஸ்க்ரூ, ராடு, செட் ஸ்க்ரூ மட்டும் தாங்குகிற மாதிரி மாட்டுவார்கள். பிறகு அமுக்கி விடுவதும் தளர்த்துவதுமாக 50 லட்சம் முறை. அதுவரை உடையாமல் நின்றால் அந்தப் பாரத்துக்குப் பாஸ். நடு எலும்பு கொஞ்சமும் உதவாத மோசமான நிலையை வைத்துச் சோதிக்கிறார்கள் பாருங்கள், அதுதான் எனக்குப் பிடித்தது. நாம் ஃபெட்டீக் லேபில் ரீடிங்கைப் பக்கத்து நோட்டைப் பார்த்து எழுதுகிறோம். சரி, அது வேறு கதை.

இந்த வித்தையெல்லாம் ஒரே நாளில் வந்ததில்லை. அமெரிக்காவில் ஹூஸ்டன் நகரத்து டாக்டர் பால் ஹாரிங்டன், போலியோவால் முதுகு வளைந்த குழந்தைகளுக்காக ராடும் கொக்கியும் செய்தார். 1962-இல் அதைப் பற்றி எழுதினார். அவர் ராடில் பல் வெட்டியிருக்கும், ஜாக்கி மாதிரி ஒவ்வொரு பல்லாக ஏற்ற வேண்டும். பெடிகிள் வழியாக ஸ்க்ரூ போட்டுத் தகட்டைப் பொருத்தும் வழியை பிரான்சில் ராய்-கமீல் 1963-இல் தொடங்கினார். 1980-களில் அதே நாட்டு கோட்ரெல், டுபூசே இருவரும் ராடில் எங்கே வேண்டுமானாலும் கொக்கியை நிறுத்தி, செட் ஸ்க்ரூவால் பூட்டுகிற முறையைக் கொண்டு வந்தார்கள். பல் வெட்டிய ராடில் பல் இருக்கிற இடத்தில்தான் நிற்கலாம். செட் ஸ்க்ரூ வந்த பிறகு வேண்டிய இடத்தில் நிற்கலாம், ராடை வேண்டியபடி திருப்பியும் பூட்டலாம். உடம்பு ஆளுக்கு ஆள் வேறு அல்லவா!

நம் பக்கம் இந்த வசதி இல்லாத காலத்தில் அடிபட்டவர்களையும் சொல்ல வேண்டும். வேலூர் சி.எம்.சி. டாக்டர் மேரி வர்கீஸ் 1954-இல் கார் விபத்தில் சிக்கி இடுப்புக்குக் கீழே உணர்விழந்தார். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு ஆபரேஷன் செய்தார். 1966-இல் அவர் முயற்சியால் வேலூரில் மறுவாழ்வு மையம் வந்தது. ஆய்க்குடி ராமகிருஷ்ணன் நம்மை மாதிரி பொறியியல் மாணவர். 1975-இல் கடற்படை அதிகாரி தேர்வின் உடல் திறன் சோதனையில் கீழே விழுந்து கழுத்தில் அடிபட்டு, கழுத்துக்குக் கீழே அசைவில்லாமல் போனார். 1981-இல் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கி ஆயிரக்கணக்கான ஊனமுற்றோருக்கு வழி செய்தார், 2020-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. இவர்களைப் பற்றிச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஸ்க்ரூவும் ராடும் எலும்பை நிறுத்தும். அறுந்த நரம்பை எழுப்பாது. எங்கள் மாமாவுக்கு நரம்பு தப்பியது அந்தக் கொட்டகைக் கதவால், அதற்குப் பிறகு வந்ததுதான் டைட்டானியம். முதல் இரண்டு மாதம் வலது கால் மரமரப்பாக இருந்தது, பிறகு சரியாகிவிட்டது.

டிஸ்சார்ஜ் ஃபைலில் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தார்கள். ஒவ்வொரு ஸ்க்ரூவுக்கும் லாட் நம்பர். செட் ஸ்க்ரூவுக்கும் உண்டு. எந்தக் கம்பியிலிருந்து, எந்த நாள், எந்த மெஷினில் ஓடியது என்று கம்பெனி தேடிக் கண்டுபிடிக்க முடியும். இதை ஓட்டுவது ஸ்விஸ் டைப் லேத். வாட்ச் உதிரிபாகம் செய்யப் பிறந்த மெஷின், கம்பியே நகர்ந்து டூலுக்கு வரும். ஸ்க்ரூ தலைகளில் இருக்கும் நீலம், தங்கம், கத்தரிப்பூ நிறம் எல்லாம் பெயின்ட் இல்லை. மின்சார வோல்டேஜை மாற்றினால் டைட்டானியத்தின் மேல் ஆக்சைடு படலத்தின் கனம் மாறும், கனத்துக்கு ஏற்ப நிறம். அளவு மாறிவிடாமல் நிறத்தைப் பார்த்து எடுக்கலாம். ஒரு கம்பெனி செட் ஸ்க்ரூவை இன்னொரு கம்பெனி தலையில் போடவே கூடாது. மெட்ரிக் போல்ட்டுக்கு பழைய விட்வொர்த் நட்டைத் திணிக்கிற கதையாகிவிடும்.

நம் நாட்டில் 2017-இல் வந்த மருத்துவக் கருவி விதிகளின்படி இதற்கெல்லாம் லைசென்ஸ் வேண்டும். ஆனால் லைசென்ஸ் சுவரில் தொங்கும். மரை சரியா என்று பார்ப்பது, கோ, நோ-கோ கேஜைக் கையில் வைத்திருக்கிற ஆள். அது யார்? பெரும்பாலும் நம்மை மாதிரி டிப்ளமோ முடித்த ஆள்தான். "டிப்ளமோதானே" என்று சொந்தக்காரர்கள் இழுக்கும்போது எனக்கு வருகிற கோபத்தை இங்கே எழுதினால் பக்கம் போதாது. நோ-கோ கேஜ் உள்ளே போய்விட்ட ஒரு துண்டை, ராத்திரி ஷிஃப்ட்டில் டார்கெட் குறைகிறதே என்று நல்ல டப்பாவில் போட்டால், அது எந்த ஊர் மூட்டை தூக்குகிறவர் முதுகுக்குப் போகும் என்று போட்டவனுக்குத் தெரியாது. போடாமல் விட்டவனுக்கும் தெரியாது. மெட்ராலஜி லேபில் கேஜைக் கையில் எடுக்கும்போது இப்போதெல்லாம் எனக்கு மாமா முதுகுதான் ஞாபகம் வருகிறது.

கருணாபுரம் என்று சொன்னால் 2024 ஜூனுக்குப் பிறகு எல்லோரும் ஒன்றைத்தான் கேட்கிறார்கள். விஷச்சாராயத்தில் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்கள் போனது, அதில் எங்கள் தெருக்காரர்கள் எத்தனை பேர் என்று. அதைப் பற்றி நான் எழுதத் தகுதியானவன் இல்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன். எங்கள் பகுதியில் சாவு விழுந்தால் பாடையின் முன் கம்புக்கு முதலில் தோள் கொடுப்பவர் மாமாதான். அந்த ஜூன் மாதம் வீட்டுக்கு வீடு சாவு. மழையில் கோமுகி ஆற்றங்கரை மயானத்துக்கும் தெருவுக்கும் ஜனம் நடந்துகொண்டே இருந்தது. பாரம் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்ததால் மாமா திண்ணையில் இருந்தார். கூட மூட்டை தூக்கினவர்கள் போகிறார்கள், இவரால் ஒரு தோள் கொடுக்க முடியவில்லை. இரண்டு தடவை எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினார். இரண்டு தடவையும் அத்தை கையைப் பிடித்து உட்கார வைத்தார். அன்றைக்கு அவரை உட்கார வைத்தது அத்தையா, ஸ்க்ரூவா என்று இன்றைக்கும் எனக்குக் குழப்பம்.

இப்போது அவர் மூட்டை தூக்குவதில்லை. குடோனில் சீட்டு எழுதி மூட்டை எண்ணுகிறார். கூலி பாதிக்கும் குறைவு. வருஷத்துக்கு ஒரு முறை எக்ஸ்ரே. அதில் டாக்டர் பார்ப்பது மூன்று விஷயம் என்று கேட்டுத் தெரிந்துகொண்டேன். ஸ்க்ரூவைச் சுற்றிக் கறுப்பாக ஒரு கோடு விழுந்திருந்தால் எலும்பில் அது தளர்கிறது. ராடில் முறிவு தெரிந்தால் எலும்பு கூடவில்லை. மூன்றாவது நம் வேலை: டுலிப் தலைக்கு வெளியே ராடின் நுனி எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது என்பது. நட்டையும் போல்ட்டையும் சேர்த்து பெயின்ட்டில் ஒரு கோடு போட்டு வைப்போமே, கோடு விலகினால் தளர்ந்திருக்கிறது என்று அர்த்தம், அது மாதிரி. முதல் நாள் படத்தையும் போன தடவைப் படத்தையும் ஜன்னல் வெளிச்சத்தில் பக்கத்தில் பக்கத்தில் பிடித்து, நாலு நுனியையும் ஸ்கேல் வைத்து, எலும்பின் அளவோடு ஒப்பிட்டு அளந்து பார்த்தேன். நாலும் அப்படியே இருந்தன.

எலும்பு கூடிவிட்டது, வேண்டுமானால் எடுத்துவிடலாம், தொந்தரவு இல்லையென்றால் விட்டும் வைக்கலாம் என்று டாக்டர் முடிவை மாமாவிடமே விட்டிருக்கிறார். எடுப்பதென்றால் இன்னொரு ஆபரேஷன், அப்புறம் சில வாரம் வேலைக்குப் போக முடியாது. அத்தை வேண்டாம் என்கிறார். மாமா இன்னும் முடிவு சொல்லவில்லை. எடுத்தால் அந்த நாலு கிரப் ஸ்க்ரூவையும் கேட்டு வாங்கித் தருவதாக என்னிடம் சொல்லியிருக்கிறார்.